டயகம ரோட்டில் ஓர் எல்லைச் சாவடி

உலகத்தில் உள்ள எல்லைக் காவல்காரர்கள் எல்லோரையும் தராசின் ஒரு தட்டிலும், எங்கள் தோட்டத்தில் பாஸ்போட்டு என்று பட்டப்பெயர் வாங்கிய வாச்சரை மறு தட்டிலும் வைத்தால், பாஸ்போட்டின் தட்டுதான் தாழும். இத்தனைக்கும் ஆள் படு ஒல்லி. துரை கழித்துப்போட்ட காக்கிக் கோட்டுக்குள் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திடீரென்று அவர் நினைப்பு வரக் காரணம் டி.வி. இப்போது எங்கள் வீட்டில் எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகளைப் பற்றி ஒரு தொடர் ஓடுகிறது. ஹெலிகாப்டர், மோப்ப நாய், கறுப்புக் கண்ணாடி என்று ஒரே தடபுடல். மருமகள் தட்டில் சோறு காய்வது தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் சிரித்தால் கோபம் வேறு வருகிறது. "என்னா மாமி சிரிக்கிறீங்க? அவங்க உயிரக் குடுத்து எல்லையக் காக்குறாங்க" என்கிறாள். சிரிக்காமல் என்ன செய்வது? ஒரு மூங்கில் கம்பையும் காதில் செருகிய பென்சிலையும் வைத்துக்கொண்டு எல்லை காத்த மனிதரைப் பார்த்தவள் நான்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. பிள்ளைக் காம்பராவில் வேலை, அதாவது தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. காம்பரா தோட்டத்து கேட்டுக்கு நேர் மேலே மேட்டில் இருந்ததால், கேட்டில் நடக்கிற கூத்து முழுவதும் எனக்கு இலவசம்.

அந்த கேட்டில் வாச்சராக இருந்தவர்தான் பாஸ்போட்டு. ஆதியில் அவரும் மற்ற வாச்சர்களைப் போலப் பகலில் தூங்கிக்கொண்டிருந்த நல்ல மனிதர்தான். கெடுத்தது ரேடியோ. கேட்டுக்கு வெளியே கடைவீதியில் நானா, அதாவது முஸ்லிம் முதலாளி ஒருவர், கடை வைத்திருந்தார். அவர் கடை ரேடியோவில் சனிக்கிழமை தோறும் சாயங்காலம் 'சாவடி எண் ஏழு' என்று ஒரு தொடர் நாடகம் வரும். எல்லைச் சாவடி ஒன்றில் கேப்டன் ஜெகவீரன் என்பவர் கள்ளத்தனமாக வருகிறவர்களைப் பிடித்துக்கொண்டே இருப்பார். "நில்! யார் நீ? எங்கிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" என்று அவர் கர்ஜித்தால், நானா கடைக் கண்ணாடிப் போத்தல்கள் கிடுகிடுக்கும்.

நாடகம் தொடங்கிய மூன்றாவது வாரம் எங்கள் கேட்டின் குறுக்கே ஒரு மூங்கில் விழுந்தது. ஒரு முனையில் கல்லைக் கட்டி, தூக்கி இறக்குகிற மாதிரி வாச்சரே செய்துவிட்டார். கழுத்தில் கயிறு கட்டி ஓர் அலாரம் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டார். ஆபீசிலிருந்து வேலையாள் பேர் பதிகிற, எழுதாத பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, கேட்டைத் தாண்டுகிற உயிர் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதத் தொடங்கினார். சாதாரணமாக எங்களைப் போலவே பேசுகிற மனிதர், மூங்கிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் மட்டும் கேப்டன் தமிழுக்கு மாறிவிடுவார்.

முதலில் மாட்டியது அவருடைய சொந்தப் பெண்சாதி. கடைக்குப் போய் உப்பும் கருவாடும் வாங்கித் திரும்பிய மீனாட்சி அக்காவை மறித்து, "யார் நீ?" என்றார்.

"ம்? ஒனக்கு வாக்கப்பட்ட பாவி!"

"எங்கிருந்து வருகிறாய்?"

"இந்தாய்யா, இப்ப கம்பத் தூக்குறியா, இல்ல கருவாட்டாலயே ஒரு போடு போடவா?"

மூங்கில் தூக்கப்பட்டது. ஆனால் அன்றைய பக்கத்தில், 'மீனாட்சி. உள்ளே 11.20. கையில் ஆயுதம்' என்று எழுதியிருந்தது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் தோட்டத்துப் பெண்ணைக் கட்டவந்த மாப்பிள்ளையின் கதை இன்னும் மோசம். தப்போடும் குழலோடும் வந்த கூட்டத்தை நிறுத்தி, இருபத்தேழு பேரின் பெயரையும் எழுதினார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னே வந்தார்.

"வந்த நோக்கம்?" என்றார் பாஸ்போட்டு.

"கல்யாணங்க."

"பெண்ணை எப்போது திருப்பிக் கொண்டுவந்து விடுவீர்கள்?"

"கட்டிக்கிட்டுப் போற பொண்ண எப்புடிங்க திருப்பி வுடுவோம்?"

பாஸ்போட்டு தீவிரமாக யோசித்தார். பிறகு பென்சிலை எச்சில் தொட்டு, 'பெண் ஒன்று. ஏற்றுமதி. நிரந்தரம்' என்று எழுதிக்கொண்டு வழிவிட்டார். தாலி ஏறும்போது ஐயர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, வேண்டுமென்றுதான்.

இந்தப் பித்து ஒருநாள் துரையின் காரையே நிறுத்தியது. வேலை போயிற்று என்று தோட்டமே முடிவு கட்டியது. துரை கீழே இறங்கி, புத்தகத்தை வாங்கி, பெரிய கிளாக்கர் ஐயாவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். ஐயா வியர்த்துக்கொண்டே படித்தார். 'துரையின் நாய். வெளியே 9.10. நோக்கம் சொல்ல மறுத்துவிட்டது.' துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்டோரிலிருந்து தேயிலைத் தூள் களவு போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆகவே மறுநாளே கேட்டில் ஒரு பலகை தொங்கியது. துரை கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு இல்லாமல் வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. அதோடு பாஸ்போட்டின் கால் தரையில் பாவவில்லை.

இந்தக் கெடுபிடிக்கு நடுவில்தான் எங்கள் வீட்டுக் கதையும் வந்து மாட்டியது. என் அத்தான், அதாவது அக்காவின் புருஷன், தையற்காரர். நானா கடை வாசலில் மெஷின் போட்டிருந்தார். தோட்டத்துப் பெரட்டில், அதாவது வேலையாள் கணக்கில், பெயர் கிடையாது. காலையில் கேட்டைத் தாண்டிப் போவார், மாலையில் திரும்புவார். அவர் இந்தத் தோட்டத்தில் குடியிருக்கிறார் என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே அத்தாட்சி, பாஸ்போட்டின் புத்தகம்தான்.

அத்தானின் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம், திருச்சிக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தார். சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்தது. எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு எந்த நாட்டுக் காகிதமும் இல்லாத காலம். பிரஜாவுரிமை மனுவைக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முறைப்படி அனுமதி வாங்கிப் போவதற்குள் தாயாருக்கு வருஷத் திதியே வந்துவிடும். அத்தான் எங்களைத் தவிர ஒருவரிடமும் சொல்லாமல், தேயிலை மலைக்குள் குறுக்கே இறங்கி, மன்னார்ப் பக்கம் போய்த் தோணி ஏறிவிட்டார். அக்காவுக்கு அப்போது நாலு மாதம். அத்தான் பிடிபட்டால் கள்ளத்தோணி என்று அக்கரைக்கே ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அக்காவும் பிறக்கப்போகிற பிள்ளையும் இக்கரையில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாம் நாளே பாஸ்போட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "தையற்காரர் எங்கே?"

"காச்சல் மாமா. படுத்திருக்காங்க."

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "ம்" என்றார். பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். அன்று நான் பச்சைப் பிள்ளைகளுக்குப் பாலில் சீனி போட மறந்துவிட்டேன்.

ஏறக்குறைய மூன்று மாதம் இப்படிப் போனது. தினமும் அந்த மனிதர் எழுதுவார், தினமும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். சனிக்கிழமை ரேடியோவில் கேப்டன் ஜெகவீரன் படகில் வந்தவர்களைப் பிடித்தால், கடையில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டுவது இவர்தான். 'பாவி, கட்டாயம் காட்டிக்கொடுப்பான்' என்று அக்காவிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஒரு மழை நாளில் அத்தான் தலையில் சாக்குக் கொங்காணியோடு கேட்டுக்கு வந்து நின்றார். குறுக்கு வழி வழுக்கலில் ஏற முடியவில்லையாம். உடம்பு பாதியாகிவிட்டது. கொங்காணி நழுவியபோது மொட்டைத் தலை தெரிந்தது. தாயாருக்கு அடித்த மொட்டை.

"எங்கிருந்து வருகிறாய்?" என்றார் பாஸ்போட்டு.

அத்தானுக்குப் பல் கிட்டியது. "க... கடையிலருந்துங்க."

பாஸ்போட்டு அந்தத் தலையை நன்றாகப் பார்த்தார். வெகுநேரம் எழுதினார். மூங்கிலைத் தூக்கினார்.

எந்தப் புண்ணியவான் எழுதினானோ, மறுமாதம் அத்தானைப் பற்றிப் போலீசுக்கு மொட்டைக் கடிதம் போய்விட்டது. பட்டப்பகலில் ஜீப் ஒன்று வந்து மூங்கிலுக்கு முன்னால் நின்றது. ஓர் இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள். மேட்டிலிருந்து பார்த்த எனக்கு இடுப்பில் இருந்த பிள்ளையின் கனமே தெரியவில்லை. அக்கா மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அத்தான் கடையில். நான் பிள்ளையோடு கேட்டுப் பக்கம் இறங்கிவிட்டேன்.

பாஸ்போட்டு முழு உயரத்துக்கும் நிமிர்ந்தார். "நில்! யார் நீ?"

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தொனி புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. பாஸ்போட்டு அசராமல் சிங்களத்துக்கு மாறி, துரை ஐயாவின் துண்டு எங்கே என்று கேட்டார்.

"தொர மஹத்தயாகே துண்டுவ கோ?"

"மொன துண்டுவத?" அதாவது என்ன துண்டு, என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். பாஸ்போட்டு பலகையைக் காட்டினார். அதில் துரையின் கையெழுத்து இருந்தது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்துக்குள் சொல்லாமல் நுழைந்தால், மேலிடத்திலிருந்து வருகிற கேள்விக்கு யார் பதில் சொல்வது? இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கான்ஸ்டபிளை இரண்டு மைல் மேலே இருந்த பங்களாவுக்குத் துண்டு வாங்க நடக்கவிட்டார். சொல்லிவைத்ததுபோல மழையும் பிடித்தது.

மற்ற இருவரும் பாஸ்போட்டின் தகரக் குடிசையில் ஒதுங்கினார்கள். அவரே பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டரின் கண் அந்தப் புத்தகத்தில் விழுந்தது. கூட இருந்த கான்ஸ்டபிளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். தையற்காரன் பெயர் இருக்கிறதா பார் என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு ஓடிப்போய் அத்தானிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கான்ஸ்டபிள் பக்கத்தைப் புரட்டிப் படித்து, ஒவ்வொன்றையும் சிங்களத்தில் சொன்னார்.

"தையற்காரர். காய்ச்சல். வெளியே போகவில்லை."

அடுத்த பக்கம். "தையற்காரர். வெளியே 7.40. உள்ளே 5.15. இருமல்."

அடுத்தது. "தையற்காரர். வெளியே 7.45. குடை மறந்துவிட்டார். உள்ளே 5.20. நனைந்திருந்தார்."

"தையற்காரர். உள்ளே 5.10. கையில் கோழி ஒன்று. விலை அதிகம் என்றார்."

 கோழி வாங்கியதாக எழுதியிருந்த அன்று, அத்தான் அக்கரையில் தாயாருக்குக் கொள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. கான்ஸ்டபிள் புரட்டிய அத்தனை பக்கத்திலும் அத்தான் தவறாமல் போனார், வந்தார், இருமினார், நனைந்தார், பொத்தான் தீர்ந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டார். கடைசியில், "தையற்காரர். உள்ளே 4.50. பேன் தொல்லை. மொட்டை" என்றும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் நாய் நோக்கம் சொல்ல மறுத்த பக்கத்தையும் கேட்டார். அதோடு அவர் முகம் இளகிவிட்டது. நாயைக்கூட விடாத ஆள், கள்ளத்தோணியையா விடப்போகிறான் என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார். மொட்டைக் கடிதத்தைக் கசக்கி அடுப்பில் போட்டார். துண்டோடு நனைந்து வந்த கான்ஸ்டபிளை ஜீப்பில் ஏறச் சொன்னார். பாஸ்போட்டு அப்போதும் விடவில்லை. மூன்று பேரும் வெளியேறுகிற நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியதில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இடுப்பில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்து கத்தியது.

"மாமா, ஒங்களுக்கு எப்புடி மாமா தெரியும்?"

"தந்திக்காரரு இந்தக் கேட்டத் தாண்டித்தான தாயி வந்தாரு? நோக்கம் கேக்காமலா வுட்டேன்?"

"அதுக்காக தெனமுமா எழுதுனீங்க?"

"ஒரு நா எழுதாம வுட்டா புஸ்தகத்துல ஓட்ட வுழுந்துரும். போலீஸ்காரன் அந்த ஓட்டையிலதான் கைய வுடுவான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த கேப்டனுக்கு ஒண்ணுந் தெரியாது தாயி. அவரு ரேடியோவுக்குள்ளயே இருக்காரு. புள்ளத்தாச்சிப் பொண்ண எங்க பாத்திருக்காரு?"

ஐந்தேகால் மணிக்கு அத்தான் ஒன்றும் அறியாமல் கடையிலிருந்து வந்தார். பாஸ்போட்டு மூங்கிலைத் தூக்கப் போனார். முடியவில்லை. போலீசுக்கு முன்னால் இரும்பாக நின்ற மனிதருக்கு அப்போதுதான் அந்த மூங்கில் கனத்தது. நான் ஓடிப்போய் மறுபக்கம் பிடித்துத் தூக்கினேன். அவர் அத்தானிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வூட்டுக்குப் போ தம்பி, அவ பாத்துக்கிட்டு இருப்பா" என்று மட்டும் சொன்னார்.

இந்த மனிதரையா பாவி என்று சொன்னோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அறுபது வயது தாண்டியும் அந்த வெட்கம் போகவில்லை, போகவும் வேண்டாம்.