மருந்து யாருக்கு விழுந்தது

ஒரு காட்டில் குருந்து என்கிற முயலுக்கு அநியாயம் நடந்தது. கட்டுவிரியன் கடித்த அவனை அவன் அக்கா தும்பை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். விஷமுறிவு மருந்து அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி கொக்கு டாக்டரின் கழுத்தில் இருந்தது. கொக்கு டாக்டர் கண்ணெதிரே நின்றார். ஆனாலும் மருந்து கிடைக்கவில்லை.

காரணம், அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் அந்த அவசரப் பிரிவு, அவசர சிகிச்சையில் புதிதாக வந்த ஆய்வுகளைப் பரிசீலிக்கும். அவசரமாக வருகிறவர்களை வெள்ளிக்கிழமை பார்ப்பார்கள்.

“டாக்டர், தம்பிக்கு இமை தொங்குது. சீக்கிரம் ஊசி போடுங்க,” என்றாள் தும்பை.

“ஏம்மா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. பாம்பு கடிச்சதும் ஊசி போடுறதெல்லாம் போன வருஷத்துப் பழக்கம். புது ஆய்வு என்ன சொல்லுதுன்னு பார்க்க வேண்டாமா? உட்காரு. வடை எடுத்துக்கோ.”

திரையில் படம் ஓடியது. பக்கத்துக் காட்டில் நடந்த ஆய்வு அது. பாம்பு கடித்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். அவர்களில் சிலர் இறந்துபோனார்கள். மீதிப் பேரைச் சும்மா காத்திருக்க வைத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

“காத்திருந்தவங்க எல்லாம் எப்படிப் பிழைச்சாங்க?” என்று கேட்டாள் தும்பை.

“பிழைச்சாங்கன்னு யார் சொன்னா? ஆய்வு முடியறதுக்குள்ள விலகிட்டாங்க.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான். பொறுமை இல்லாத ஜனங்க.”

“விலகி எங்கே போனாங்க?”

“அது ஆய்வின் எல்லைக்கு வெளியே,” என்றார் கொக்கு டாக்டர்.

“இதை எழுதினது யாரு?”

முன்வரிசையில் சுருண்டிருந்த கட்டுவிரியன் தலையைத் தூக்கினார். “நான்தான், தங்கச்சி.”

“நீதானே என் தம்பியைக் கடிச்சே!”

“நான் எதையாவது மறைச்சேனா? கட்டுரையோட முதல் வரியிலேயே போட்டிருக்கேனே. ‘ஆய்வாளர் கடிக்கும் பழக்கம் உடையவர்.’”

கூடியிருந்த டாக்டர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். “இந்த வெளிப்படைத்தன்மை எத்தனை பேருக்கு வரும்?” என்று கொக்கு டாக்டர் கண்கலங்கினார்.

குருந்துவின் நாக்கு குழறத் தொடங்கியிருந்தது. “அக்கா, இவங்க பேசி முடிக்கிற வரைக்கும் நான் இருக்கணுமா?”

“இருடா. நான் பேசி வாங்கித் தர்றேன்.”

அந்தக் காட்டில் தும்பையை வாயால் ஜெயித்தவர் யாரும் இல்லை. கெஞ்சினால் இவர்கள் அசைய மாட்டார்கள், ஆய்வு என்றால்தான் அசைவார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

“ஒரே ஒரு ஆய்வை வெச்சு முடிவு பண்ணலாமா? நாமளே ஒண்ணு நடத்துவோம். இப்பவே, இங்கேயே. மருந்தும் இருக்கு, கடிபட்டவனும் இருக்கான்.”

கொக்கு டாக்டர் நின்றிருந்த காலை மாற்றினார். “கட்டுரையில முதல் பேரு யாரோடது?”

“உங்களோடது.”

சாவி கழுத்திலிருந்து இறங்கியது. அலமாரி திறந்தது. உள்ளே ஒரே ஒரு குப்பிதான் இருந்தது. தும்பை கை நீட்டினாள்.

“அவசரப்படாதே,” என்றார் கொக்கு டாக்டர். “ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தா அதுக்குப் பேரு சிகிச்சை. ஆய்வுன்னா ரெண்டு பேர் வேணும். ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்குக் காத்திருப்பு. யாருக்கு எதுன்னு குலுக்கிப் போட்டுத்தான் முடிவு பண்ணணும். இல்லேன்னா பாரபட்சம்னு சொல்லிடுவாங்க. இன்னொரு ஆள் யாரு?”

“நான் வர்றேன்,” என்றார் கட்டுவிரியன். “அறிவியலுக்காக.”

“இவரை யாரும் கடிக்கவே இல்லையே!”

“அந்த விஷயம் குலுக்கலுக்குத் தெரியக் கூடாதும்மா.”

சீட்டு குலுக்கினார்கள். மருந்து கட்டுவிரியனுக்கு விழுந்தது.

குப்பி முழுவதையும் அவருக்கு ஏற்றினார்கள். குருந்து காத்திருந்தான். தும்பை நியாயம் கேட்டாள், கத்தினாள், காலி அலமாரியை உதைத்தாள். தம்பியின் மூச்சு அடங்கப்போவதைப் பார்த்து வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஆய்வில் பெயர் இல்லாதவர் தலையிடக் கூடாது என்று இரண்டு டாக்டர்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் குருந்துவின் மூச்சு நின்றது. ‘விலகினார்’ என்று கொக்கு டாக்டர் குறித்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை முடிவை வாசித்தார்கள். மருந்து எடுத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு நூறு பேர் நலம். எந்தக் காட்டிலும் எந்த மருந்தும் இப்படி ஒரு பலன் தந்ததில்லை.

கைதட்டல் ஓயும்வரை தும்பை நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். “கடிபட்ட என் தம்பிக்கு ஒரு சொட்டு கொடுக்கலை. கடிபடாத பாம்புக்குக் குப்பியோட கொடுத்தீங்க. கொடுத்துட்டு, மருந்து பலிச்சதுன்னு சொல்றீங்க. இது எப்படி ஆய்வாகும்? ஒருத்தராவது பதில் சொல்லுங்க.”

கொக்கு டாக்டர் கண்ணை மூடி யோசித்தார். மற்ற டாக்டர்களோடு தாழ்ந்த குரலில் கலந்து பேசினார். கட்டுவிரியனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். கடைசியில் அவளைப் பார்த்துக் கனிவாகப் பதில் சொன்னார்:

“அதனாலதாம்மா பலன் இவ்வளவு நல்லா வந்திருக்கு.”

நீதி: பாம்புக்கடியிலிருந்து பிழைக்க மிகச் சிறந்த வழி, பாம்பாக இருப்பது. இது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது.