மாநகரம் கூட்டிய கூட்டம்

எங்கள் தீவுக் கிராமமான சுருவிலில் இருந்துகொண்டு முழு உலகத்தையும் மொத்த வியாபாரமாக நடத்திய ஒரே மனிதர் மாநகரம்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். வாக்குப் போடப் போகிற நாளில் அதிகாரி அதைச் சத்தமாக வாசிப்பார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "உங்களைத்தான் அண்ணை" என்று பின்னால் நிற்பவர் தள்ளிவிட வேண்டும்.

தெற்கே ஒரு பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை எரிந்தபின் ஊரோடு வந்துவிட்டார். கடை போனதே தவிரக் கடைக்காரர் போகவில்லை. எதைப் பார்த்தாலும் அவருக்கு அது கடையாகவே தெரிந்தது.

"நாடு எண்டது வெறும் பேர்ப்பலகை. உள்ளுக்கை வியாபாரம் நடத்திறது நகரம். லண்டன், நியூயோர்க், ரோக்கியோ, இதுகள் மொத்தக் கடை. கொழும்பு சில்லறைக் கடை. நாங்கள் நெருப்புப்பெட்டி வாங்க வந்து வாசலிலை நிக்கிற ஆக்கள்."

தேத்தண்ணிக் கடையில் இதைத் தினமும் சொல்லுவார். நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "கனடாவின்ரை தலைநகரம் ஒட்டாவா, அது தெரியுமோ உமக்கு?" என்று கேட்டேன்.

"ஒட்டாவாவிலை எங்கடை ஊராக்கள் எத்தினை பேர்?"

"எனக்குத் தெரிய ஒருத்தரும் இல்லை."

"அப்ப பிறகென்ன தலைநகரம்? ஆளில்லாத தலை!"

கடையே சிரித்தது. நான் வாழ்நாள் முழுக்கப் படிப்பித்த பாடத்தை அவர் ஒரு மிடறு தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டார்.

அவர் வாயில் ஊரில் எவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பிள்ளைகள் எந்த நகரத்தில் இருக்கிறார்களோ அதுதான் பெற்றோரின் பெயர். மீன் கொண்டுவருகிறவர் லண்டன். கோயில் மணியகாரர் சூரிச். பிள்ளையில்லாத ஓர் அக்கா, "அப்ப எனக்கு மட்டும் பேர் இல்லையோ?" என்று சண்டைக்கு வந்தார். இவர் விடாமல் விசாரித்து, அந்த அக்காவின் தம்பி மனைவியின் தங்கை ஒஸ்லோவில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று முதல் அவர் ஒஸ்லோ அக்கா. என் மகன் ரொறன்ரோவில் இருந்தபடியால் நான் ரொறன்ரோ.

அவருடைய வீட்டுச் சுவரில் மூன்று மணிக்கூடுகள் தொங்கின. லண்டன் நேரம், ரொறன்ரோ நேரம், சிட்னி நேரம். "எங்கடை நேரம் எங்கை?" என்று கேட்டேன். "இஞ்சத்தை நேரம் ஆருக்கு வேணும்? இஞ்சையிருந்து எங்களுக்கு ஆரும் கோல் எடுக்கிறேல்லை" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். சாட்டிக் கடற்கரைப் பக்கம் எங்களுக்கு ஒரு காணி உண்டு. அதில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. தீவுகளில் தோண்டுகிற இடமெல்லாம் உவர் வரும். ஆகவே நல்ல தண்ணீர் உள்ள கிணற்றுக்கு ஊரே வரும். காணியைப் பிள்ளைகளுக்குப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் எங்கள் பக்கத்து உறுதிப் பத்திரங்களில் காணியோடு கிணற்றுப் பங்கையும் அதற்குப் போகிற வழியையும் சேர்த்தே எழுதுவார்கள். எங்கள் கிணற்றின் பங்குக்காரர் என்னைத் தவிர எல்லாரும் வெளிநாட்டில். தண்ணீர் அள்ளுவது ஊர்.

ஒரு மாலை மகன் தொலைபேசியில் வந்தான்.

"அப்பா, இஞ்சை வீட்டு விலையைக் கேட்டால் நெஞ்சடைக்கும். பெரிய பெரிய கொம்பனியள் எல்லாம் இஞ்சை வருகுது, எங்களுக்குத்தான் இருக்க இடமில்லை. சாட்டிக் காணியை வித்தால் இஞ்சை வீட்டுக்கு முற்பணம் கட்டக் காணும். நீங்களும் வந்திடுங்கோ. கீழ்வீட்டிலை அறை ஒண்டு போட்டுத் தாறன்."

கீழ்வீடு என்றால் நிலத்துக்குக் கீழே. ஒருமுறை போய் இருந்திருக்கிறேன். ஜன்னலால் பார்த்தால் போகிறவர்களின் சப்பாத்துத்தான் தெரியும். எனக்குப் போக விருப்பமில்லை. மகனிடம் அதைச் சொல்லத் துணிவும் இல்லை. "ஓம் அப்பு" என்றுவிட்டு, இரண்டு இரவு படுக்காமல் இருந்தேன்.

வாங்க ஆள் வந்துவிட்டது. கடற்கரையில் ஹொட்டேல் கட்ட நினைத்த ஒரு கொழும்புக் கொம்பனி. அவர்களுக்குத் தேவை எங்கள் தண்ணீர். செய்தி கேட்டு மாநகரம் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ரொறன்ரோ! பெருநகரம் எங்களைத் தேடி வருகுது, விளங்குதோ? இனிச் சுருவிலும் ஒரு மொத்தக் கடை! காணி காட்டிற வேலையை என்னட்டை விடும்."

"உமக்கேன் கரைச்சல்? வந்து பாத்திட்டுப் போகட்டும்."

"வெறுங்கடைக்குள்ளை ஆர் கால் வைப்பினம்? கடை திறக்கிற அண்டைக்கு நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிவந்து வாசலிலை நெரிபட விடுவம். சனத்தைக் கண்டால்தான் வாற ஆளுக்கு ஆசை வரும்."

அந்தக் காலைக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. கிணற்றடியில் ஊரே நின்றது. வாளி, குடம், பிளாஸ்ரிக் கான். வீட்டில் குழாய்த் தண்ணீர் உள்ளவர்களும் வந்திருந்தார்கள். ஒஸ்லோ அக்கா இரண்டு குடத்தோடு முன்னுக்கு நின்றார். சூரிச் கோயில் வேலையை விட்டுவிட்டு வந்து தலையில் அள்ளி ஊற்றித் தோய்ந்துகொண்டிருந்தார். ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கழுவினார். நடிக்க வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

கொழும்பிலிருந்து வந்தவர் நல்ல பிள்ளை. வெள்ளைச் சேட்டு, கறுப்புக் கண்ணாடி. வானை விட்டு இறங்கியதும் அவர் காதில் முதலில் விழுந்தது மாநகரத்தின் குரல்.

"லண்டன்! ஒஸ்லோவை இடியாதையும்! சூரிச், நீர் தோய்ஞ்சது காணும், மற்றவைக்கு விடும்!"

அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சேர், இவ்வளவு பேரும் இங்கதான் தண்ணி எடுக்கிறாங்களா? இவங்களுக்கெல்லாம் இந்தக் கிணத்துல உரிமை இருக்கா?"

நான் வாயைத் திறக்குமுன் மாநகரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"உரிமையோ? என்ன தம்பி கேக்கிறீர்! உலகத்திலை உள்ள பெரிய நகரமெல்லாத்திலையும் இந்தக் கிணத்துக்குப் பங்குக்காரர் இருக்கினம். அவையள் எல்லாரும் ஒப்பம் வைக்கோணும். வைச்சாலும் இந்தச் சனம் அள்ளுறதை விடாது, பரம்பரையா அள்ளுற சனம். உங்கடை ஹொட்டேல் வரட்டும், இன்னும் ரெண்டு ஊர் வரும்!"

அந்தப் பிள்ளை மரியாதையாகச் சிரித்தார். கிணற்றை ஒரு படம் எடுத்தார். ஒஸ்லோ அக்கா நீட்டிய செம்பிலிருந்து ஒரு வாய் குடித்தார். வானில் ஏறினார். அதோடு சரி. பிறகு கொம்பனியிலிருந்து எவரும் வரவில்லை, போன் எடுத்தாலும் பதில் இல்லை.

வான் சாட்டி வீதியில் திரும்பி மறைந்ததும் நான் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். பல நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. ஆனால் மாநகரத்தின் முகம் செத்துப்போயிருந்தது. என்ன பிழை நடந்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியிருந்தது.

மகனிடம் நான் சொன்னது ஒரே வசனம். "மாநகரத்தாலை எல்லாம் குழம்பிட்டுது." "அந்த விசர் மனிசனை ஏனப்பா சேர்த்தனீங்கள்?" என்று அவன் கத்தினான். அந்தப் பழியை அவர் தலையில் வைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் விடிய வாசலில் மாநகரம். இரண்டு கையிலும் இரண்டு வாளி. என்னுடைய கிணற்றுத் தண்ணீரை என்னுடைய வீட்டுக்கே சுமந்து வந்திருக்கிறார்.

"உம்மடை பெரிய வியாபாரத்தைக் கெடுத்துப்போட்டன், ரொறன்ரோ. இதையெண்டாலும் செய்யிறன்."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "குசினிக்குள்ளை பெரிய பானை இருக்கு, அதிலை ஊத்தும்."

மாதக்கணக்கில் சுமந்தார். முழங்கால் நோகும் மனிதர். தேத்தண்ணிக் கடையில் வாய் திறப்பதை விட்டுவிட்டார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது சுவரில் லண்டனும் ரொறன்ரோவும் சிட்னியும் நின்றுபோயிருந்தன. பற்றரி மாற்றவில்லையாம். அந்த மூன்று மணிக்கூடுகளும் என்னைக் குத்தியது போல ஒருவரும் குத்தவில்லை. அப்படியிருந்தும் வாயைத் திறக்கவில்லை. நான் படித்த படிப்பு எனக்கு நன்றாக மௌனமாக இருக்கக் கற்றுத் தந்திருந்தது.

கடைசியில் மகன்தான் என்னை விடுவித்தான். ரொறன்ரோவை விட்டே போய்விட்டானாம். கனதூரம் தள்ளி ஒரு சின்ன ஊரில் தன் சம்பளத்துக்கு ஏற்ற வீடு. பிள்ளைகளுக்கு ஓடி விளையாட முற்றம். "கீழ்வீடு இல்லை அப்பா" என்று தயங்கினான். பிறகு, "நீங்கள் அங்கையே இருக்க விருப்பமெண்டால் இருங்கோ. நாங்கள் வந்து நிக்கவும் ஒரு இடம் வேணும்தானே" என்றான். போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து அழுதேன். அது ஆறுதல் அழுகை.

அடுத்த நாள் காலை மாநகரம் வாளிகளோடு வர, படலையிலேயே மறித்தேன்.

"உம்மட்டை ஒண்டு சொல்லோணும். காணி விக்காமல் போனது எனக்கு அண்டைக்கே சந்தோசம். அந்த வான் திரும்பிப் போகேக்கை உள்ளுக்கை கும்பிட்டனான்."

வாளிகளைக் கீழே வைத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் சும்மாவோ சுமந்தனான்?"

"ஓம்."

நான் மகன் இடம் மாறியதையும் சொன்னேன். அவ்வளவுதான், முகத்தில் பழைய கடைக்காரர் எழும்பிவிட்டார்.

"பாத்தீரோ! மொத்தக் கடை பெருக்கப் பெருக்க அங்கை வேலைசெய்யிற ஆக்களையே வெளியிலை தள்ளும் எண்டு நான் எப்பவோ சொன்னனான்!"

அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு வாளித் தண்ணீரையும் என் தேசிமரத்தடியில் ஊற்றிவிட்டு, வெறும் வாளிகளை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

இப்போது நான் அள்ளுகிறேன். முதலில் அவர் வீட்டுக்கு ஒரு வாளி, பிறகு என் வீட்டுக்கு. அவர் கிணற்றுக்கட்டில் இருந்து மேற்பார்வை செய்கிறார். முதல் நாள் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. நான் இனி ரொறன்ரோ இல்லை. மகன் போன ஊரின் பெயரைப் பலமுறை சொல்லிக் கொடுத்தும் அவர் நாக்கு வளையவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். நான் நிரம்பிய வாளியோடு நடக்கத் தொடங்கினேன்.

"ஓய், சுருவில்! பாத்துப் போம், வழுக்கும்."

நான் உடனே திரும்பிப் பார்த்தேன்.