பெருவிரலும் என் நாற்காலியும்

சிவகாசியில் பிறந்த பெருவிரல்களிலேயே அறிவு கூடியது எங்கள் அச்சகத்தில் தாள் வெட்டுகிற கட்டிங் மெஷின்காரனுடையதுதான். அவனுடைய மற்ற உடம்புக்கு அவ்வளவு விவரம் போதாது.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஓட்டை மெஷின் ஒன்றை வைத்துத் தொடங்கி, இன்று நாலு ஆப்செட் ஓட்டுகிறேன். ஆளைப் பார்த்ததும் எடைபோட இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை. அப்படிப்பட்ட நானே எடைபோட முடியாமல் இருபது வருஷம் வேலைக்கு வைத்திருந்த ஆள் அவன்.

காலண்டர் தாளைப் பெருவிரலால் தடவியே அதன் கனத்தைச் சொல்லிவிடுவான். அதனால் பெயரே பெருவிரல் ஆகிவிட்டது. விரல் தாளோடு நின்றிருந்தால் வம்பில்லை. டீக்கடையில் பன் தட்டைப் பார்த்தால் ஒவ்வொன்றாக அமுக்குவான்.

“கைய எடுலே! அம்புட்டு பன்னும் பள்ளமாயிருச்சு!” என்று கடைக்காரர் கத்துவார்.

“இது நேத்து பன்னுண்ணே. அமுக்குனா எந்திரிக்க மாட்டேங்குது.”

என் மகள் நிச்சயத்தில், சோபாவில் சாய்ந்திருந்த சம்பந்தியிடம் போய், “கொஞ்சம் எந்திரிங்க, மெத்தையைப் பாத்துக்கிடுதேன்” என்றான். கல்யாணம் நடந்ததே என் சாமர்த்தியம்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கரிசல் காட்டில் நாங்கள் ரிமோட் கார் பந்தயம் விடுவோம். முழங்கை நீளக் கார்தான். சிரிக்காதீர்கள், அதில் போன மானம் திரும்ப வராது. என் எதிரி என் தங்கை மாப்பிள்ளை, பட்டாசுக் கம்பெனி முதலாளி. தோற்றவர் தன் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில், ஜெயித்தவர் படம் போட்ட காலண்டரை வருஷம் முழுக்க மாட்டிவைக்க வேண்டும். இரண்டு வருஷம் அவர்தான் ஜெயித்தார். அந்தக் காலண்டரை அச்சடித்ததும் நான்தான். அச்சடித்துவிடலாம் ஐயா, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காலைக் காப்பி குடிக்க முடியாது.

“மூணாவது வருசத்துக்கும் ஒரு ஆணி அடிச்சு வைங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

என் காரை வாங்கிப் பார்த்த பெருவிரல், டயரை ஒரு அமுக்கு அமுக்கினான். அந்த டயருக்குள் காற்று கிடையாது, வளையமாக நுரைப்பஞ்சுதான் இருக்கும்.

“கார்ல கோளாறு இல்ல அண்ணாச்சி. பஞ்சுலதான் கோளாறு.”

முதல் காரியமாகப் புதுப் பஞ்சை அடுக்கி, காலண்டர் தாள் வெட்டுகிற மாதிரியே கட்டிங் மெஷினில் கொடுத்தான். மெஷின் அமுக்கிப் பிடித்து வெட்டியது. விட்டதும் பஞ்சு உப்பி, ஓரமெல்லாம் கோணிக்கொண்டு நின்றது. அதை மாட்டி ஓட்டினோம். முதல் வளைவிலேயே கார் கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்தது. பிறகு நகம் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மெத்தை, தலையணை, பஸ் சீட் என்று கண்ட பஞ்சையெல்லாம் வெட்டி, ஓரம் சீவி, மாட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

பந்தயத்தன்று காலை ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றா சொன்னேன்? இறங்கினேன். முழங்கால் மூக்கைத் தொட்டது. மேலே தோல் இருக்கிறது, உள்ளே பஞ்சைக் காணோம்.

“ஏலே பெருவிரலு!”

“கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. புதுப் பஞ்சு வெறைப்பா நிக்கி, மேட்டுல கார் துள்ளுது. மெத்தைப் பஞ்சு செத்துப்போச்சு, வளைவுல டயர் மடங்குது. இது இருவது வருசமா நீக உக்காந்து உக்காந்து பதமாக்குனது. அமுக்குனா எந்திரிக்கும், ஆனா அவசரப்படாது. வேற எங்கன கெடைக்கும்?”

“அப்ப நான் எதுலலே உக்கார?”

“பந்தயத்துல நின்னுக்கிட்டுத்தான ஓட்டுவீக?”

மழை குடித்து, மாடு மிதித்து, வெயிலில் இறுகிய கரிசல். அடிக்கு ஒரு குழி. கடைசிச் சுற்றில் மாப்பிள்ளை கார் ஒரு மேட்டில் துள்ளிக் குப்புற விழுந்தது. என் கார் அதே மேட்டில், நான் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்கிற மாதிரி மெதுவாக அமுங்கி, எழுந்து, வளைந்து போய்விட்டது. மாப்பிள்ளை ஆபீஸ் சுவரில் ஒரு வருஷம் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலண்டர் படத்தில் நான் நாற்காலியில், அடியில் பலகை போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் வந்து நில்லுடா என்று அவனையும் நிறுத்தினேன். உற்றுப் பார்த்தால் தெரியும். பயல் படத்திலும் என் தோளைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டுதான் நிற்கிறான்.

போன வருஷம் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இந்த வாரம் என் மகன் எனக்குப் புது நாற்காலி வாங்கிப் போட்டான். உட்காரும் முன்னால், யாரும் பார்க்காதபோது பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினேன். பஞ்சு எழுந்து வந்தது. அது நல்லதா கெட்டதா? எல்லாம் தெரிந்த எனக்கு அது மட்டும் தெரியவில்லை. கேட்கலாமென்று கட்டிங் மெஷின் பக்கம் திரும்பிவிட்டேன்.