பொறு யக்கா, சண்டை நின்னுடும்

உலகத்தில் எந்த மூலையில் சண்டை மூண்டாலும் முதலில் கலங்கிப்போகிறவர் எங்கள் செஞ்சி ஷேர் ஆட்டோக்காரர் போர்நிறுத்தம்தான். அது ஊர் வைத்த பெயர்; பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

சிங்கவரத்துக்கும் டவுனுக்குமாக ஓட்டுவார். கண்ணாடிக்கு மேலே சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் உலகப்படம். ஏறியவர் நகைக்கடைக்குப் போகிறார் என்று தெரிந்தால் பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிடுவார். சார்ஜ் வாங்கமாட்டார்.

என் மகள் கல்யாணத்துக்கு எட்டு சவரன் பேசியிருந்தது. கையிலிருந்த பணம் அன்றைய விலைக்குச் சரியாக எட்டு சவரனுக்கு வரும். கிளம்பினேன்.

"இன்னைக்கு வாங்காத யக்கா. அங்க ஏவுகணை உட்டுட்டான். பயந்துபோயி அல்லாரும் தங்கத்துல பூந்துட்டாங்க. பத்து நாள் பொறு, சண்டை நின்னுடும், வெலை எறங்கிடும்."

பொறுத்தேன். சண்டை நின்றது. விலை நிற்கவில்லை.

"இன்னாய்யா இது?"

"அந்தச் சண்டை நின்னுச்சு யக்கா. இப்ப வரி போட்டு அடிச்சிக்கிறாங்க."

இப்படி மூன்று முறை திரும்பி வந்தேன். புத்தி கெட்டவள் நான்தான்.

நடுவில் போர்நிறுத்தம் தன் மச்சான் பேச்சைக் கேட்டு, டயர் மாற்ற வைத்திருந்த பணத்தில் செல்போனிலேயே டிஜிட்டல் காசு வாங்கினார். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத காசு, சண்டை அதை ஒன்றும் செய்யாது என்றார். அடுத்த சண்டையில் முதலில் விழுந்தது அதுதான்.

"ஒரே பயம்தான் யக்கா. தங்கம் ஏறுது, இது எறங்குது" என்று விளக்கிவிட்டு, வழுக்கை டயரோடு சிங்கவரம் போனார்.

கடைசியில் ஆறு சவரன்தான் வாங்க முடிந்தது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது சம்பந்தி, "மீதி ரெண்டு எங்கம்மா?" என்றார். மகள் மணவறைக்குப் போகாமல் அறை வாசலிலேயே நிற்கிறாள். மொய் எழுதிவிட்டு வந்த போர்நிறுத்தத்தைப் பார்த்ததும், "உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று கத்திவிட்டேன்.

அவர் வாசலுக்கு ஓடினார். ஆட்டோவிலிருந்து உலகப்படத்தைப் பிய்த்து வந்து சம்பந்தியின் மடியில் விரித்தார்.

"சார், இது ஜலசந்தி. கப்பல் இதும்மேலதான் போவணும்..."

எண்ணெயில் ஆரம்பித்தார். பெரிய நாடுகள் எல்லாம் தங்கத்தை ஏன் வாங்கிக் குவிக்கின்றன என்றார். வெள்ளிக்கு வந்தார். சம்பந்தி இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறையும் உட்கார வைக்கப்பட்டார். மாப்பிள்ளை மணவறையில் தனியாக இருந்தார். ஐயர் மணி பார்த்தார்.

"ஆறே போதும்மா! பொண்ணை அழைச்சிக்கினு வாங்க. இவரை மட்டும் கூப்டுக்குங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் சம்பந்தி.

"இன்னும் டாலருக்கே வரலியே சார்!"

தாலி ஏறியது. போர்நிறுத்தம் பந்திக்குப் போகாமல் தூணோரம் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னாலதான யக்கா ரெண்டு சவரன் போச்சு" என்றார். அதுவரை இருந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் பந்தியில் உட்காரவைத்தேன்.

போர்நிறுத்தம் இப்போது பெங்களூரில் தன் மகன் வீட்டில் இருக்கிறார். டிவியில் எங்காவது சண்டை என்று சொன்னால் உடனே போன் போடுவேன்.

"பொறு யக்கா, நின்னுடும்" என்பார்.

எனக்கு வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவர் சொல்லிக் கேட்டால்தான் அன்றைக்குத் தூக்கம் வருகிறது.