உங்கள் சராசரியும் எங்கள் கட்டிலும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதிக்கொள்வது. நீங்களும் எங்கள் மகள் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மேசையே அதிர்கிறது, இந்த லட்சணத்தில் பொய் எழுதக் கை வரவில்லை.

பக்கத்து ஐஸ் ஃபேக்டரி மெஷின் எங்கள் வீட்டை ஆட்டுவதைப் போன மாதம் வந்து கருவி வைத்து அளந்துவிட்டுப் போனீர்களே, அன்று முதல் இங்கே ஒன்றும் உருப்படவில்லை. அலமாரிப் பாத்திரம் நகர்ந்து நகர்ந்து வந்து என் தலையில் விழுகிறது, கல்யாணப் போட்டோ கோணிக்கொண்டு நிற்கிறது, அத்தை டீ எடுத்தால் பாதி தரையில், "பாழாப்போன மெஷின், டம்ளரைக்கூடப் பிடிக்க விடுதா பாருங்க" என்கிறாள், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, அதற்கும் மெஷின், படுத்தால் கட்டில் ஆடுகிறது, தூக்கம் போச்சு, ஆள் பாதியாகிவிட்டாள். வேறு வீடு பார்க்கலாம் என்றால் சின்னப் பிள்ளை மாதிரி அழுகிறாள். அவள் நிம்மதியாகத் தூங்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, தரை ஒரு தொட்டி, சுவர் ஒரு தொட்டி, கட்டில் ஒரு தொட்டின்னு வச்சுக்குங்க. அதிர்வு தண்ணி மாதிரி. நிறைஞ்ச தொட்டியிலேருந்து குறைஞ்ச தொட்டிக்குத்தான் போகும், வழியில கொஞ்சம் வீணாகும். எந்த மூலையில எவ்வளவுன்னு கேக்காதீங்க, சராசரிதான் சொல்ல முடியும்." நன்றாக இருக்கிறது! உங்கள் அத்தை சராசரியிலா படுக்கிறாள்? கட்டிலில் படுக்கிறாள். அதோடு விட்டீர்களா? அவள் படுத்திருக்கும்போதே கட்டிலில் கருவியை ஒட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கு உதைக்குது மாமா. தரையைவிடக் கட்டில்லதான் அதிகமா இருக்கு. மெஷின்லேருந்து இவ்வளவு வராது. இந்த ரூமுக்குள்ளேயே வேற ஏதோ ஆடுது" என்றீர்கள். நான் என்ன, படுக்கையறையில் மாவு மில்லா நடத்துகிறேன்? படித்த மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் நீங்கள் சொன்னபடி கட்டில் காலுக்கெல்லாம் ரப்பர் வைத்தேன். குனிந்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது, கட்டில் பழையபடியே ஆடுகிறது. ஐஸ் ஃபேக்டரி மேனேஜரிடம் தினமும் போய்க் கத்துகிறேன், என்னைக் கண்டாலே அவர் ஐஸ் அறைக்குள் ஓடி ஒளிகிறார். உங்கள் கணக்கைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். இனி இந்த வீட்டில் சராசரி என்ற பேச்சே எடுக்காதீர்கள்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று, கோபம் கோபமாக இருந்தாலும், மனசார வாழ்த்தும்,
மாமா.

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் மேனேஜர் வாசலில் வந்து நின்றார். பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன். "உங்க தொல்லை தாங்காம காலையிலேயே மெஷினை நிறுத்திட்டோம் சார். இப்ப திருப்திதானே?" என்றார். அப்படியென்றால் மேசை ஆடியது என் கோபத்தில்தான். நல்ல செய்தி சொல்ல உள்ளே ஓடினேன். அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. "மெஷின் நின்னுடுச்சும்மா" என்றேன். "தெரியும்" என்றாள், திரும்பவில்லை. அவள் கையை என் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன், நடுக்கம் நிற்கவில்லை. "பாப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். வேறு வீட்டுக்குப் போயிருந்தால் பாவம், எதன்மேல் பழியைப் போட்டிருப்பாள்? மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், உங்கள் கணக்கு சரிதான். கருவி வேண்டாம். நல்ல டாக்டராகப் பார்த்து வையுங்கள், பாப்பாவை அழைத்துக்கொண்டு உடனே வாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.