டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பொட்டு வைத்த விவரம்

பெருமதிப்பிற்குரிய தாய்மாமா சின்னையா அவர்களின் சமூகத்திற்கு, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து மருமகன் யுகேந்திரன் பணிவுடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பண்டமாரானில் நீங்களும் அத்தையும் நலமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருப்பேன். ஒரே நாளில் அறுபத்து மூன்று கேள்வி கேட்ட குற்றத்துக்காக என்னை பிளாக் பண்ணிவிட்டீர்கள். ஆகவே இந்தக் காகிதம்.

உங்கள் நிபந்தனை எனக்கு மனப்பாடம். எட்டு வருஷமாகப் படுத்துக் கிடந்த உங்கள் டட்சன் கார் இன்று ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குள் தானாக ஓடி உங்கள் வாசலுக்கு வந்தால், அதன் உரிமைப் பத்திரமான கிராண்ட் என் பெயருக்கு மாறும். வராவிட்டால் நாளைக்குப் பழைய இரும்பு லோரி வந்து தூக்கிக்கொண்டு போகும். எவ்வளவு தாராள மனசு!

இன்ஜின் வேலை முடிந்து, மிச்சம் டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும்தான். நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறி அனுப்புகிற அந்தக் கிண்ணம் அளவு சாமானைக் கழற்றிக் கழுவிவிட்டு, பதினேழு வீடியோ பார்த்தேன். பதினேழு பேரும் சொன்னது ஒன்றுதான்: தண்டின் தலையில் இருக்கும் பஞ்சுக்கு இரண்டு சொட்டு எண்ணெய், தண்டோடு சுழல்கிற மேட்டில் குண்டூசித் தலை அளவு கிரீஸ், அவ்வளவே. அதிகமானால் அது தெறித்துப் போய், கரண்டைத் தொட்டுத் தொட்டு விடுகிற பாயிண்டில் ஒட்டிப் பொறியைக் கொன்றுவிடும். உலகமே சொல்கிறது. ஆனால் உலகம் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியதா? ஓட்டியது நீங்கள். பிளாக் பண்ணுவதற்கு முன் நீங்கள் கடைசியாகப் பேசி அனுப்பியது இன்னும் என் போனில் இருக்கிறது: "என்னடா ரெண்டு சொட்டு, கண்ணுக்கு மருந்தா விடுறே? முப்பது வருஷம் லோரி ஓட்டுனவன் சொல்றேன்லா, நல்லா ஊத்து!"

தாய்மாமா சொல். ஊத்தினேன். கார் மூன்று நிமிஷம் ஓடியது. பிறகு இருமியது, புகைந்தது, செத்தது. மூன்றாம் மாடியிலிருந்து கிரிகரி அங்கிள் எட்டிப் பார்த்து, "டேய் யுகா, அது காரா, ஆஸ்பத்திரி கேஸா? டாக்டரக் கூப்பிடவா?" என்று ஆறுதல் சொன்னார்.

சரி, மறுபடி பிரிச்சு, பாயிண்டைத் துடைச்சு, இரண்டே சொட்டு விட்டு, மூடியையும் உள்ளே சுத்துற ரோட்டரையும் பேப்பர் மேல வெச்சிட்டுக் கை கழுவப் போனேன். அந்த அஞ்சு நிமிஷம் போதாதா உங்க அக்காவுக்கு? நான் வந்து உள்ளே பார்க்காம அப்படியே மாட்டி, காலையிலேர்ந்து சாவியைத் திருப்பித் திருப்பி விரல் வீங்கிப் போச்சு, ஒரு பொறி இல்லை. மூடியைக் கழட்டிப் பார்த்தா உள்ளே திருவிழா! நாலு முனைக்கும் நாலு சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம், ரோட்டர் நெற்றியில மூணு கோடு விபூதி. பொறியெல்லாம் அந்த ஈரச் சந்தனத்துலயே வழிதவறிப் போயிருக்கு.

"அம்மா, என்னம்மா இது?"

"பிரிச்ச சாமானைப் பொட்டு வெக்காம மூடுவாங்களாடா?"

"அதுக்குள்ள கரண்டு ஓடும்மா!"

"ஓடட்டுமே. சாமியக் கும்பிட்டுட்டு ஓடட்டும்."

தண்ணி ஊத்திக் கழுவினேன், மாட்டினேன், அப்பவும் அசையலை. இப்போ மூடி வெயில்ல காயுது, நான் நிழல்ல காயுறேன். போதும் மாமா. ஒருத்தர் எண்ணெய் அபிஷேகம், ஒருத்தர் சந்தனக் காப்பு; இது கார் இல்லை, கோயில். உங்க லோரியைக் கூப்பிடுங்க. எனக்கும் அந்த டட்சனுக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. கிள்ளானுக்குச் சர்ச்சுக்குப் போகிற கிரிகரி அங்கிளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். தங்களுக்கு நீண்ட ஆயுளும், தங்கள் ஆலோசனைகளுக்கு நீண்ட ஓய்வும் கிடைக்க வேண்டி நிற்கும்,
மருமகன்
யுகேந்திரன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் படிக்காதீங்க மாமா. படிச்சிட்டா மறந்துடுங்க. மூடி நல்லாக் காய்ஞ்சதும் சும்மா ஒரு தடவை சாவியைத் திருப்பினேன், பிடிச்சிக்கிச்சு! இதை ஸ்டீயரிங் மேல வெச்சு எழுதுறேன், நிக்கிறது உங்க கேட்டுக்கு வெளியே; கிரிகரி அங்கிளும் இதே கார்லதான் வந்தார், அவர்தான் இதை உள்ளே கொண்டு வந்து குடுப்பார். மணி பதினொண்ணு அம்பத்தாறு. அணைச்சா திரும்பப் பிடிக்குமோ பிடிக்காதோ, அதனால இன்ஜினை அணைக்கலை. கிராண்ட்டை எடுத்துக்கிட்டு ஓடி வாங்க. செருப்பெல்லாம் தேட வேணாம், அப்படியே வாங்க.