ஒரே இழுப்பு

“இன்னா சம்பந்தி, கெளம்பலாமா?” என்று வெங்கடேசன் மறுபடியும் கேட்டார். படகு எப்போதோ கிளம்பி ஏரிக்குள் மிதந்துகொண்டிருந்தது. இன்ஜின்தான் கிளம்பவில்லை.

“இதோ ஆச்சிங்க. ஒரே இழுப்பு,” என்று பூமாலை கயிற்றை இழுத்தார். இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

பூமாலை வெள்ளிமலைக்கு மேலே இருக்கும் ஏரியில் படகு டிரைவர். அவர் மகள் தனுஷாவை நைனார்பாளையத்தில் பெண் கேட்டிருந்தார்கள். பேச்சு முடியும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா வெங்கடேசனிடம் பூமாலைதான் வாயை விட்டார். “ஒரு நாளு மலைக்கு வாங்க. பழைய இன்ஜின்தான். ஆனா என் கை பட்டா ஒரே இழுப்புல எழுந்துக்கும்.”

வந்துவிட்டார்கள். வெங்கடேசன் சலவை வேட்டியில் நடுப்பலகையில் இருந்தார். அவர் மனைவி ஆயம்மாள் பின்னால், இன்ஜினை ஒட்டி உட்கார்ந்திருந்தார். கரையிலேயே இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் படகைத் தள்ள வேண்டும். சம்பந்தி பார்க்கிறாரே என்று பூமாலை துடுப்பால் ஒரு உந்து உந்தி, ஸ்டைலாகத் தள்ளிவிட்டிருந்தார்.

“குளிருதுல்ல, அதான் மக்கர் பண்ணுது,” என்று இன்ஜினின் சோக் குமிழை இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு விடாமல் இழுத்தார். பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது.

“இப்ப இன்னா?”

“பெட்ரோலு ஜாஸ்தியா குடிச்சிடுச்சிங்க.”

இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார். வைக்க இடமில்லாமல் வெங்கடேசன் மடியில் வைத்தார். பிளக்கை எடுத்துத் துடைத்து, ஊதி, மாட்டினார். இழுத்தார். ஒன்றுமில்லை. மூடியைத் திரும்ப எடுத்தபோது வேட்டியில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

“பரவால்ல பூமாலை,” என்றார் வெங்கடேசன்.

சம்பந்தி என்ற சொல் காணாமல் போனதைப் பூமாலை கவனித்தார். காது சூடானது.

ஒருவேளை இப்போது பெட்ரோல் வரவில்லையோ என்று, டேங்க் குழாயில் இருந்த ரப்பர் பம்பை அவசர அவசரமாக அமுக்கினார். இற்றுப்போன குழாய் கழன்று, பெட்ரோல் வெங்கடேசனின் புதுச் செருப்பை நனைத்தது. குழாயைச் சொருகிவிட்டு, இருந்த வேகத்தையெல்லாம் திரட்டி ஓர் இழுப்பு இழுத்தார். அவர் முழங்கை வெங்கடேசனின் மூக்கில் போய் இடித்தது. கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது.

“ஐயோ! ரத்தம் வருதுங்களா?”

“நீங்க கைய மட்டும் ஆட்டாம இருங்க.”

ஆயம்மாள் பக்கம் திரும்பிப் பார்க்கப் பூமாலைக்குத் துணிவில்லை. கரையில் நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். காற்று படகைக் கோரைப்புல்லுக்குள் தள்ளியது.

உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு புதுமணத் தம்பதி, அன்னப்பறவை மாதிரி செய்த மிதிபடகில் பக்கத்தில் வந்தார்கள். “அண்ணே, கட்டி இழுத்துகினு போவட்டுங்களா?”

வேறு வழியில்லை. அன்னப்பறவை இழுக்க, இன்ஜின் படகு பின்னால் போனது. அவர்கள் கரை சேர்ந்ததும் யாரோ கை தட்டினார்கள். பூமாலை துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார்.

“டிரைவரே, மூஞ்சி கழுவ தண்ணி எங்க இருக்கு?” என்று வெங்கடேசன் கேட்டார். பதில் வருவதற்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

டிரைவர். அவ்வளவுதான், முடிந்தது. தனுஷாவிடம் என்னவென்று சொல்வது? குனிந்த தலை நிமிராமல் படகைக் கட்டிக்கொண்டிருந்தார் பூமாலை.

“அண்ணே, கைய நீட்டுங்க.”

ஆயம்மாள்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ அவர் உள்ளங்கையில் வைத்தார். சிவப்பாக, சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கொக்கி. இன்ஜினை நிறுத்தும் பொத்தானுக்கு அடியில் செருகியிருப்பது. அது இல்லாவிட்டால் நாள் முழுக்க இழுத்தாலும் நெருப்புப் பொறி வராது. பூமாலை அதை ஒரு நாளும் கழற்றியதில்லை. அதனால்தான் அந்தப் பக்கம் பார்க்கவும் தோன்றவில்லை.

“எங்க வூட்டு மோட்டார்ல பீஸ் கட்டையப் புடுங்கினா நின்னுடும்ணே, எனக்குத் தண்ணின்னா உயிரே போயிடும், அதான் படகு கெளம்பக் கூடாதுன்னு ஏறினதுமே கைக்கு ஆப்ட்டத புடுங்கிட்டேன், அவராண்ட மூச்சு வுட்டுடாதீங்க, பரிசம் போட நாங்களே கீழ உங்க வூட்டுக்கு வந்துர்றோம்!”